சிங்காரியின் இடப்பக்கக் கண்ணாடி

ஆவாரங்குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜவுளிக்கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மாடிப்படியில் ஏறினால் வருகிற 'சிங்காரி பியூட்டி பார்லர்' என்ற கடையில், கல்யாணமே இல்லாத ஓர் ஆடி மாதத்தில், இடப்பக்கத்து நாற்காலிக்கு எதிரே மாட்டியிருந்த கண்ணாடி, உட்கார்ந்தவளை உள்ளபடி காட்டுவதை விட்டுவிட்டு, அவள் மனசு யார்மேல் இருக்கிறதோ அந்த ஆளின் கண்ணுக்கு அவள் எப்படித் தெரிகிறாளோ அப்படிக் காட்ட ஆரம்பித்தது. வலப்பக்கத்துக் கண்ணாடி எப்போதும்போல் இருந்தது. இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில்தான் வாங்கினேன் என்று பார்லர்காரி செண்பகவடிவு சொன்னாள். அதற்குமேல் யாரும் அதைத் தோண்டித் துருவவில்லை, ஊருக்கு அதைவிட அவசரமான கேள்விகள் இருந்தன.

முதலில் உட்கார்ந்தவள் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளையின் பெண்சாதி. புருவம் திருத்த வந்தவளுக்குக் கண்ணாடியில் புருவமும் இல்லை, முகமும் இல்லை, வெறும் வெளியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "அவுக எட்டரை பஸ்ஸப் பிடிக்கணும். அந்த அவதியில வேற என்னத்தப் பாப்பாக" என்றாள். "நீ புருவத்த எடும்மா."

அடுத்து வந்தவளின் புருஷன் சவுதியில் இருந்தான், வருஷக்கணக்காக ஊர்ப்பக்கம் வரவில்லை. அவளுக்குக் கண்ணாடியில் இரட்டைச் சடையும் கல்யாணத்தன்று இருந்த ஒட்டிய கன்னமும் தெரிந்தன. அழுதுகொண்டே செல்போனில் அதைப் படம் எடுத்தாள், படத்தில் இன்றைக்கு இருக்கிறவள்தான் விழுந்தாள், அதற்கும் அழுதாள். அரிசி மண்டிக்காரரின் மனைவி உட்கார்ந்தபோது அவள் தலை கண்ணாடியின் மேல்சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மனுஷன் தன்னைப் பார்த்து இவ்வளவு பயப்படுகிறாரா என்று நொந்துபோய் அன்றைக்கு வீட்டில் கொஞ்சம் தணிவாகப் பேசினாளாம், அரிசி மண்டிக்காரர் அதற்கும் சேர்த்துப் பயந்தாராம். காலேஜ் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கழுத்தில் கட்டிய துணி மட்டும் கூடாரம்போல நாற்காலியில் நிற்கும், உள்ளே ஆள் இருக்காது. அதைக் கண்டு யாரும் பதறவில்லை, எந்த சினிமா நடிகர் என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள்.

பார்லரை ஒட்டிய அறையில் ஜாக்கெட் தைக்கும் ஜெயராணி, புருஷனைப் பறிகொடுத்துப் பல வருஷமானவள், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒருநாள் தானும் உட்கார்ந்து பார்த்தாள். காதோரத்து நரை, கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப், தாடையில் இருந்த மரு என்று ஒன்றுவிடாமல் அப்படியே தெரிந்தது. "என்னப் பாக்கதுக்கு ஆள் இல்ல. அதான் எனக்கு நானே தெரியுதேன்" என்று சொல்லிவிட்டு, மருவை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, மிஷினுக்குப் போய்விட்டாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் படிக்கட்டு முழுக்கக் கூட்டம், இரண்டாம் வாரம் இடது நாற்காலியைச் சுற்றித் திரை கட்டியாயிற்று, மூன்றாம் வாரம் யாரோ கண்ணாடியின் மூலையில் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டுவிட்டுப் போனார்கள். தரகர்கள் ஜாதகம் பொருந்தியதா என்று கேட்ட கையோடு, பிள்ளையை சிங்காரியில் உட்கார வைத்தாயிற்றா என்றும் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேறு யார் கண்ணிலாவது பெண் தெரிகிறாளா என்று வேவு பார்க்க அத்தைமாரை அனுப்பினார்கள், பெண்பிள்ளைகள் அதற்கும் தயாராகி, உட்காரும்போது ஒருத்தரையும் நினைக்காமல் வாய்ப்பாடு சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஆண்கள் எதிர்ச்சாரியில் டீ குடித்துக்கொண்டே மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று சலூனில் போய் நின்றார்கள். சலூன்காரர் கண்ணாடியை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார், எல்லாக் கண்ணாடியும் அவரவர் மூஞ்சியைத்தான் காட்டின.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. தன்னில் எது தெரிகிறது என்று தெரிந்துகொண்ட பெண்கள், தெரிகிறதை மட்டும் சிங்காரித்துக்கொண்டு மற்றதைக் கைகழுவினார்கள். மூக்குத்தி மட்டும் தெரிந்தவள் விதவிதமாக மூக்குத்தி வாங்கிப் போட்டுக்கொண்டு தலைவாருவதை விட்டாள், பாதம் மட்டும் தெரிந்தவள் மருதாணியும் கொலுசுமாகக் கிழிந்த சேலையில் காய்கறி மார்க்கெட்டுக்கு வந்தாள், முதுகு மட்டும் தெரிந்தவள் ஜெயராணியிடம் வந்து ஜன்னல்வைத்து, முடிச்சுவைத்து, மணிதொங்கவைத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டு முன்பக்கம் ஊக்கு விட்டுப்போனதைக்கூடக் கவனிக்காமல் நடந்தாள். இப்படியாக அந்த வருஷத் தேரோட்டத்தில் ஆவாரங்குளத்துப் பெண்கள் பாதி பாதியாக அலங்கரித்துக்கொண்டு வடம் பிடித்தார்கள். ஆண்கள் எப்போதும்போலத்தான் பார்த்தார்கள், ஒரு வித்தியாசமும் அவர்களுக்குத் தெரியவில்லை.

பார்லர்காரி வடிவு மட்டும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அவளுக்கு வயது முப்பத்தெட்டு. சப்பை மூக்கு, கனத்த சோடாபுட்டிக் கண்ணாடி, சிரித்தால் ஈறு முழுக்கத் தெரியும், அவள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் வாய்விட்டுச் சிரிக்கிறவள். சின்ன வயசில் பெண்பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேசரி நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் வருவதும் நின்றது. ஊரில் அவள் கைபடாமல் மணவறை ஏறிய பெண் கிடையாது. அவளுக்கு முகம் என்பது ஈரமண், இந்தப் பக்கம் கொஞ்சம் நிழல் கொடுத்து அந்தப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் வைத்தால் எந்த மூக்கும் எடுப்பாகும், எந்தக் கண்ணும் நீளமாகும் என்பதைத் தினம் செய்து பார்த்தவள். அந்தத் தொழில் நம்பிக்கைதான் பின்னால் அவளைக் கவிழ்த்தது.

அவள் மனசு இருந்தது பொன்னுராஜ்மேல். கல்யாண வீடியோ எடுக்கிறவன், அவளுக்கு ரெண்டு வயது இளையவன், எல்லாரையும்போல அவளையும் அக்கா என்பான். எந்த முகூர்த்தமானாலும் மணப்பெண் அறையில் அவள் பெட்டியை விரிக்கும்போது அவன் லைட்டை நட்டுக்கொண்டிருப்பான். "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, பிரேமுக்குள்ள வாறீங்க" என்பான். கடைசிப் பந்தியில் அவளுக்கு ஓர் இலை பிடித்து வைப்பான், அவ்வளவுதான் இருவருக்கும் இருந்த பழக்கம். ஆனால் அலங்காரம் முடிந்து மணப்பெண் நிமிரும்போது, கேமராவுக்குப் பின்னால் அவன் பேச்சை நிறுத்திவிட்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, உலகத்தில் வேறொன்றும் இல்லாததுபோல அவளைப் பார்ப்பானே, அந்தப் பார்வையை வடிவு பக்கத்திலிருந்து பல வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரே ஒரு தடவை அவன் தன்னைப் பார்த்துவிட வேண்டும். கல்யாணம், குடித்தனம் என்றெல்லாம் அவள் பேராசைப்படவில்லை, அந்த ஒரு பார்வைக்காகத்தான் ஏங்கினாள், வெட்கத்தை விட்டு ஏங்கினாள்.

ஐப்பசி மாத மழையில் ஆள் வராத ஒரு மத்தியானம், திரையை இழுத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். கண்ணாடியில் இரண்டு கைகள் மட்டும் இருந்தன. மணப்பெண்ணின் கொண்டையில் பூச்சரத்தைச் செருகி ஹேர்பின் குத்துகிற கைகள், அவன் குளோசப் எடுக்கிற கைகள். மணிக்கட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இருக்காது என்று பயந்திருந்தவள், கையாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள்.

அன்றிலிருந்து கைகளைக் கவனித்தாள். நகத்தை வளர்த்து, ஓரம் இழைத்து, வெளிர் ரோஜா நிறம் பூசி, மெல்லிய மோதிரம் ஒன்று போட்டாள். அடுத்த முகூர்த்தத்தில் பொன்னுராஜ் கேமராவைத் தாழ்த்தி, "அக்கா, கைய நல்லா வச்சிருக்கீங்க. குளோசப்புக்குப் பிரமாதமா இருக்கு" என்றான். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் காற்றில் நடந்தாள், பிறகு அது போதவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணுக்கு ட்ரையல் பார்ப்பது அவள் தொழிலில் வழக்கம். ஒரு மாதிரி போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு வேறு மாதிரி போட்டுப் பார்ப்பது. அதைத் தனக்கே செய்துகொள்ள ஆரம்பித்தாள். கண்ணாடியில் எது வருகிறதோ அதை வைத்துக்கொள்வது, எது வரவில்லையோ அதைத் தூக்கிப்போடுவது. அரக்கு சேலை வரவில்லை, மாம்பழ மஞ்சள் வரவில்லை, மயில்கழுத்து நிறம் கட்டிய அன்றைக்குத் தோளிலிருந்து இடுப்புவரை சேலை பளிச்சென்று வந்தது. பின்னல் வரவில்லை, தளர்ந்த கொண்டையும் காதோரம் இறங்கும் ஒரு சுருளும் வந்தன. பெரிய பொட்டு வரவில்லை, கடுகளவுப் பொட்டு வந்தது. சோடாபுட்டியைக் கழற்றிவிட்டு லென்ஸ் வைத்தாள், கண்ணில் நீர் வடிந்தாலும் வைத்தாள். ஒருநாள் ஜெயராணி அடித்த கேலிக்கு வாய்விட்டுச் சிரித்தபோது கண்ணாடியில் அதுவரை வந்தது எல்லாம் புகைபோல மங்கியது. அன்றோடு சிரிப்பையும் விட்டாள்.

ஊர் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வடிவுக்கு யாரோ ஆள் இருக்கிறான் என்று முதலில் கிசுகிசுத்தார்கள், பிறகு யாராக இருந்தால் என்ன, அவள் போட்டுக்கொள்கிற மாதிரி எங்களுக்கும் போடு என்று வந்து நின்றார்கள். தை மாதத்துக்குள் மயில்கழுத்துச் சேலையும் காதோரச் சுருளும் ஊர் முழுக்கப் பரவி, ஜவுளிக்கடையில் அந்த நிறம் தீர்ந்தே போயிற்று. அத்தனை பேரிலும் வடிவுக்குத்தான் அது பொருந்தியிருக்கிறது என்றார்கள். உண்மையும் அதுதான்.

கடைசியில் முகம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு புருவம், அடுத்த வாரம் நீண்ட கண்கள், பிறகு கத்திபோல எடுப்பான மூக்கு, உதடு, உதட்டின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் குழி. மாசிப் பௌர்ணமிக்கு முன்னால் அந்த முகம் முழுதாகக் கூடி, கழுத்தோடு சேர்ந்து, அவள் திரும்பினால் திரும்பியது, குனிந்தால் குனிந்தது. வடிவு கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அழுதாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜெயராணியைக் கூப்பிட்டாள்.

ஜெயராணி திரையை விலக்கிப் பார்த்தாள். கண்ணாடியையும் வடிவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏட்டி வடிவு. அது உன் மூஞ்சி இல்ல."

"மேக்கப்புல அப்பிடித்தான் தெரியும் மைனி."

"குழி எங்கயிருந்து வந்துச்சு? உனக்குக் கன்னத்துலயோ வாயிலயோ குழி உண்டா?"

"லேசா நிழல் குடுத்தா குழி விழும். நான் எத்தன பேருக்குப் போட்டுவிட்டிருக்கேன்."

"நான் சொல்லுததச் சொல்லிட்டேன். வேற எவளோ உக்காந்திருக்கா அதுல."

வடிவு கேட்கவில்லை. எந்த முகத்தையும் எந்த முகமாகவும் ஆக்கத் தெரிந்தவள், தன் முகமும் அப்படி ஆகியிருக்கிறது என்று நம்பினாள். தினம் காலையில் கடை திறந்ததும் அந்த முகத்தோடு உட்கார்ந்தாள். இமையின் மடிப்பு எங்கே விழுகிறது, மூக்கின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த அளவு மை தாங்கும் என்றெல்லாம் அதைப் படித்தாள். தன் சொந்த முகத்தைக்கூட அவள் அவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை.

பங்குனியில் பொன்னுராஜ் படியேறி வந்தான். 'பெண்களுக்கு மட்டும்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். வடிவு மயில்கழுத்துச் சேலையில், சுருளும் கொண்டையுமாக எழுந்து வந்தாள். அவன் அவளைப் பார்த்தான். பேச்சு நின்று, மூச்சு மெதுவாகி, பல வருஷமாக அவள் காத்திருந்த அந்தப் பார்வையை அவன் அவள்மேல் வைத்தான்.

"அக்கா, உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்" என்றான். "எனக்குப் பொண்ணு பாத்திருக்கு. கழுகுமலைப் பக்கம். போட்டோ வந்து ஆறு மாசமாச்சு, எனக்குத்தான் மனசு பிடிபடாம இருந்துச்சு. எத்தன கல்யாணப் பொண்ணப் படம் எடுக்கேன், அந்தப் போட்டோவுல ஒண்ணும் தோணல. அப்புறம் ஒரு முகூர்த்தத்துல நீங்க இந்தச் சேலையில நின்னீங்க பாருங்க, அந்தப் பொண்ணுக்கு இந்தச் சேல, இந்தக் கொண்ட, இப்பிடி ஒரு சுருளு இருந்தா எப்பிடி இருப்பான்னு நினைச்சேன். அதுக்கப்புறம் உங்களப் பாக்கும்போதெல்லாம் அவதான் நிக்கிற மாதிரி இருக்கும். சரின்னு சொல்லிட்டேன்."

அவன் செல்போனை எடுத்துப் படத்தைத் தேடினான். வடிவு அதைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை, ஆனாலும் வாங்கிப் பார்த்தாள். உதட்டின் வலது ஓரத்தில் குழி இருந்தது.

"நீங்கதான் போட்டுவிடணும். அப்பிடியே, இதே மாதிரி."

"போட்டுவிடுதேன்" என்றாள் வடிவு.

வேறு ஒருத்தியாக இருந்தால் மையைக் கொஞ்சம் அப்பியிருப்பாள், பொட்டைக் கோணலாக வைத்திருப்பாள். வடிவுக்கு அந்த முகத்தைக் கெடுக்கக் கை வரவில்லை, மாதக்கணக்கில் அது அவளுடைய முகமாக இருந்தது. சித்திரை முகூர்த்தத்தில் சுகிர்தா என்ற அந்தப் பெண் அவள்முன் உட்கார்ந்தபோது ட்ரையலும் பார்க்காமல், ஒரு கோட்டைக்கூட அழித்துப் போடாமல், நேராக வேலையை முடித்தாள். "என் மூஞ்சிய முன்னாலயே தெரிஞ்ச மாதிரி செய்றீங்கக்கா" என்று சுகிர்தா சிரித்தாள். மாலையும் கழுத்துமாக நின்ற பொன்னுராஜ் அவளைப் பார்த்து வாயடைத்துப்போனான். வடிவு யாரும் சொல்லாமலே பிரேமை விட்டுத் தள்ளி நின்றாள். கடைசிப் பந்திவரை இருக்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அதற்கப்புறம் அவள் பழைய சோடாபுட்டியை மாட்டிக்கொண்டாள். சிரிப்பு மட்டும் பழையபடி திரும்பி வரவில்லை. ஜெயராணி எவ்வளவோ கேலி பேசிப் பார்த்தாள், வடிவு வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிப்பாள், அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஜெயராணியும் கேலியை விட்டாள். ஊருக்கும் அந்தக் கண்ணாடி சலித்துப்போயிற்று. ஒவ்வொருத்திக்கும் என்ன தெரியும் என்று அவளவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததை மறுபடி மறுபடி பார்க்க யாருக்கும் தெம்பில்லை. இடது நாற்காலியில் துண்டுகளைக் காயப்போட்டார்கள். வடிவும் அதில் உட்காரவில்லை.

இரண்டு மழைக்காலம் போனபின் ஒரு புதன்கிழமை சுகிர்தா வந்தாள். கைக்குழந்தையை ஜெயராணியிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த துண்டுகளைத் தானே எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, இடது நாற்காலியில் உட்கார்ந்தாள். வடிவு வேண்டாம் என்று சொல்லுமுன் உட்கார்ந்துவிட்டாள். வடிவு அவள் கழுத்தில் துணியைக் கட்டினாள். கண்ணாடியில் துணி மட்டும் நின்றது.

சுகிர்தா அழவில்லை. அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

"அவுக நல்லவுகதான்க்கா" என்றாள். "ஒரு குறையும் வைக்க மாட்டாக. வீட்டுக்கு வந்தா எடுத்த படத்தப் போட்டுப் போட்டுப் பாப்பாக. எந்தப் பொண்ணுக்கு எந்த லைட்டு, எந்தச் சேல, அதான் பேச்சு. நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்." கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நைட்டியும் பால்வாசனையுமா இருக்கேன், அதான்னு நினைக்கேன். நீங்க அன்னைக்குப் போட்ட மாதிரி ஒருக்கப் போட்டுவிடுங்க. அப்பிடியே இருந்துட்டா சரியாப் போயிரும்."

எதைப் போட்டும் பிரயோஜனமில்லை, இந்த வழியில் நான் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டேன் என்று வடிவு சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, இத்தனை நாள் பிரிந்திருந்த ஒன்றைப் பார்த்ததுபோல அவளுக்கு இருந்தது. கன்னம் வற்றியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, உதட்டோரத்துக் குழியைத் தேட வேண்டியிருந்தது. அவள் பெட்டியைத் திறந்தாள்.

முகூர்த்தத்துக்குப் போடுகிற எல்லாவற்றையும் போட்டாள். கருவளையத்தை மூடினாள், கன்னத்துக்குச் சதை கொடுத்தாள், மூக்குக்கு நிழல் வைத்தாள், கொண்டையைத் தளர்த்திச் சுருளை இறக்கினாள், குழியைத் திரும்பத் தோண்டி எடுத்தாள். வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து வலது கண்ணாடிக்குப் போயிற்று. இடது கண்ணாடியில் பிரஷ் வெறும் வெளியைத் தடவிக்கொண்டிருந்தது. சுகிர்தாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், இன்னும் முடியவில்லை, முடிந்ததும் வரும் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக மைதான் பாக்கி.

"கண்ண மூடும்மா."

சுகிர்தா கண்ணை மூடினாள். வடிவு இரண்டு இமையிலும் ஓரமாகக் கோடு இழுத்தாள். அடுத்த அறையில் குழந்தை சிணுங்கியது, ஜெயராணி ஏதோ சொல்லி அதை அமர்த்தினாள்.

"வந்துருச்சாக்கா?"

வடிவு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். துணி கூடாரம்போல நின்றது, கழுத்து வட்டத்துக்குள் நாற்காலியின் ரெக்சின் முதுகு தெரிந்தது.

"வந்துருச்சு."

"எப்பிடி இருக்கேன்?"

"அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்க."

மூடிய கண்களோடு சுகிர்தா சிரித்தாள். உதட்டோரத்தில் குழி விழுந்தது. "பாக்கட்டா?"

"மை காயல. கண்ணத் தொறக்காத."

மை எப்போதோ காய்ந்துவிட்டது. வடிவு ஓர் அட்டையை எடுத்து, அந்த இமைகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள்.